ஓரத்தின் ருசி

கறிபாப் சுடும் வீட்டுக்குப் போனால் என் கை முதலில் கறிபாப் தட்டுக்குப் போவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், எண்ணெய் வடியக் காகிதம் விரித்த சின்னத் தட்டு ஒன்று இருக்கும். வட்டம் வெட்டியது போக மிஞ்சிய மாவு ஓரங்களைப் பொரித்து அதில் போட்டிருப்பார்கள். பிறை, முக்கோணம், வால், பெயரே வைக்க முடியாத வடிவங்கள். அதில் ஒன்றைக் கடித்தால் போதும், அந்த வீட்டுக் கைப்பக்குவம் தெரிந்துவிடும். உருளைக்கிழங்கும் கறித்தூளும் உள்ளே இருந்தால் சுமாரான தோல்கூடத் தப்பித்துக்கொள்ளும். ஓரத்துக்கு அந்த மறைவு கிடையாது. உப்பு சரியா, கொழுப்பு போதுமா, மாவு ஊறியதா, எண்ணெய் காய்ந்த பதம் என்ன என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும்.

சிம்பாங் அம்பாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கும் ஊர் இது. வடக்கே புக்கிட் மெர்தாஜாம், தெற்கே சுங்கை பாக்காப், மேற்கே புக்கிட் தம்பூனும் பத்து காவானும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து காவானில் கரும்பு போட்டவர்கள் தியோச்சியூ சீனர்கள். பிறகு வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. இப்போது பத்து காவானில் தொழிற்சாலைகள், 2014இல் திறந்த இரண்டாவது பாலம். லயத்து வீடுகள் போய்விட்டாலும் மலாய், சீன, தமிழ்ச் சமையலறைகள் மூன்றும் அடுத்தடுத்த கதவுகளில்தான் இருக்கின்றன. மூன்றிலும் கோதுமை மாவைக் கொழுப்போடு சேர்த்துப் பிசைகிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் மிஞ்சுகிறது.

மிஞ்சாமல் செய்ய முடியாதா என்றால், தகடாக விரித்து வட்டம் வெட்டும்வரை முடியாது. ஒரே அளவு வட்டங்களை நேர் வரிசையில் வெட்டினால் மாவுப் பரப்பில் 78.5 சதவீதம்தான் பயன்படும். தேன்கூட்டு அறைகளைப் போல வரிசை தள்ளி நெருக்கி வெட்டினாலும் 90.7 சதவீதத்துக்கு மேல் போகாது. இது கணிதம் போட்ட எல்லை, கைத்திறன் இதை மீறாது. அதோடு தகட்டின் சுற்றோரம் வேறு. சாதாரணமாக வெட்டுபவர் கையில் ஐந்தில் ஒரு பங்கு ஓரமாக நிற்பது சகஜம். ஒரு கிலோ மாவு பிசைந்தால் ஒரு தட்டுப் பலகாரம் சும்மா கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சோமாசிக்கு வேறு வழி. சிறு உருண்டையாகக் கிள்ளி, ஒவ்வொன்றாகத் தேய்த்து, பூரணம் வைத்து மடித்து, பல் சக்கரம் வைத்த சோமாசிக் கரண்டியால் விளிம்பைச் சுற்றி ஓட்டுவார்கள். அப்போது கழன்று விழுவது ஒரு நீண்ட நெளிநெளி நாடா. கறிபாப் ஓரத்தைவிட அளவில் குறைவு, அழகில் கூடுதல். அந்த நாடாவைத் திரும்பத் திரட்டி அடுத்த உருண்டையில் சேர்த்துவிடுகிற சிக்கனக்காரர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

ஏனென்றால், மிச்ச மாவைத் திரட்டி மீண்டும் பிசைவதுதான் அதற்குச் செய்யக்கூடிய முதல் கெடுதல். கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்து பிசையப் பிசைய குளூட்டன் என்கிற இழைப்பசை முறுக்கேறுகிறது. ரொட்டிச்சானாய்க்கு அது வேண்டும். வீசினால் கிழியக்கூடாது அல்லவா. கறிபாப் தோலுக்கு அது ஆகாது. முதல் தடவை தேய்த்தபோதே கொஞ்சம் முறுக்கேறியிருக்கும். இரண்டாம் தடவை உருட்டினால் கட்டையை எடுத்ததும் மாவு சுருங்கி உள்ளே இழுக்கும். ஒட்டாமல் இருக்கத் தூவிய மாவும் உள்ளே போய் வறட்சியைக் கூட்டும். பொரித்தால் மொறுமொறுப்புக்குப் பதில் கடிப்பு. கட்டாயம் திரட்டித்தான் ஆக வேண்டுமென்றால், துண்டுகளை உருண்டையாக நசுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அழுத்தி, மூடி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துத் தேய்க்கலாம். அடுக்கு பாதியாவது பிழைக்கும். மூன்றாம் தடவை வேண்டாம்.

அதைவிட நல்லது, விழுந்த வடிவத்திலேயே விட்டுவிடுவது. பெரியதை மட்டும் கத்தியால் இரண்டாக்கினால் போதும். கனமான இடம் சற்று மென்மையாக நிற்கும், மெல்லிய முனை கருக்கு ஏறிச் சிவக்கும், நடுவில் எங்கேயோ ஒரு கொப்புளம் எழும்பும். ஒரே துண்டுக்குள் மூன்று பதம். டைமன் வடிவத்தில் ஒழுங்காக வெட்டிய துக்கடாவில் இந்தச் சுகம் இல்லை.

கொழுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நகராது. பை செய்யும் மேற்கத்தியச் சமையலறைகளில் நிறை அளவில் மாவு மூன்று, கொழுப்பு இரண்டு, தண்ணீர் ஒன்று என்பது பழைய கணக்கு. குளிர்ந்த வெண்ணெயைச் சிறு கட்டிகளாக மாவில் விட்டுவைத்து, அடுப்பில் அவை உருகி ஆவி கிளம்பும்போது அடுக்கு பிரிய வேண்டும் என்பது அதன் சூத்திரம். வெண்ணெய் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். பினாங்கில் பிற்பகல் வெயிலே 31, 32 பாகை. குளிர்சாதனம் இல்லாத சமையலறையில் அந்தக் கட்டிகள் பூரிக்கட்டை படுவதற்குள் இளகி மாவோடு கலந்துவிடும். இந்த மண்ணின் சமையல் இதோடு சண்டை போடவில்லை. கொழுப்பை முதலிலேயே காய்ச்சிவிட்டது. மலாய்க்காரர்கள் சூடான எண்ணெயையோ உருக்கிய மார்ஜரினையோ மாவில் கொட்டிக் கரண்டியால் கிளறுவார்கள். நம் வீடுகளில் சோமாசிக்குக் காய்ந்த எண்ணெயோ நெய்யோ ஊற்றிப் பிசறுவதும் அதே காரியம். கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிக் கவசம் போட்டுவிடுவதால் தண்ணீர் உள்ளே போய் இழை கட்டுவது குறைகிறது. வெண்ணெய்ப் பையைப் போல ஏடு ஏடாகப் பிரியாது. ஆனால் பொடிந்து கரையும். பிளாண்டா மார்ஜரின் இந்த நாட்டில் இவ்வளவு பேர் அடுக்களையில் இடம்பிடித்ததற்கு அதன் வாசனையைவிட, இந்த வெயிலில் அது சட்டென்று இளகாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏடு ஏடாகப் பிரிவதற்கும் இங்கே ஒரு வழி உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது புக்கிட் தம்பூன் பெயரைத் தாங்கிய தம்பூன் பிஸ்கட். ஹொக்கியன் பேசுகிறவர்கள் தாவ் சார் பியா என்பார்கள். உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். இனிப்போடு உப்பும், பொரித்த சின்ன வெங்காய வாசனையும் சேர்ந்தது. சூசியம் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது உடனே உறவாகிவிடும். தோலுக்கு இரண்டு மாவு. ஒன்று தண்ணீரில் பிசைந்தது, மற்றொன்று வெறும் கொழுப்பில் பிசைந்தது. முன்பெல்லாம் பன்றிக்கொழுப்பு, இப்போது தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றை ஒன்றுக்குள் பொதிந்து, தேய்த்து, சுருட்டி, திருப்பி வைத்து மறுபடி தேய்ப்பார்கள். கொழுப்பு மாவே சுவராக நின்று ஏடுகளை ஒட்டவிடாது. அரிசி மாவையும் நெய்யையும் குழைத்துப் பூசிச் சுருட்டும் நம் பதிர் பேணியும் இதே அறிவுதான். பிஸ்கட்காரர்கள் மாவைக் கிள்ளிக் கிள்ளி உருட்டுவதால் அவர்களுக்கு ஓரம் விழுவதில்லை. தொழில் என்ற முறையில் மெச்ச வேண்டியது, தின்பவன் என்ற முறையில் எனக்கு நட்டம்.

அந்த நட்டத்தை ஈடுகட்டுவது கறிபாப் பூசிங். அதே இரண்டு மாவு முறையில் உருளையாகச் சுருட்டிக் குறுக்கே வில்லை போடுவார்கள். வில்லையைத் தேய்த்து மடித்துப் பொரித்தால் தோலில் சுருள் சுருளாக வரி தெரியும். உருளையின் இரு முனைகளில் சுருள் சரியாக அமையாது. அடுக்கு ஒரு பக்கம் சரிந்து, கொழுப்பு மாவு வெளியே எட்டிப் பார்க்கும். கறிபாப்புக்கு உதவாத அந்த இரண்டு முனைத் துண்டுகளையும் அப்படியே எண்ணெயில் போட்டால் பூப்போல விரிந்து ஏடு ஏடாக நிற்கும். அன்றைய சமையலில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. இரண்டே இரண்டுதான் கிடைக்கும் என்பதால் சமைப்பவர் யாருக்கும் சொல்லாமல் நின்றபடியே சாப்பிட்டுவிடுவதும் வழக்கம்.

பொரிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கறிபாப்புக்குக் காய்ந்த அதே எண்ணெயில் ஓரங்களைக் கொட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும், மறுநாள் நமத்துப்போகும். 160 பாகை அளவில், கிள்ளிப் போட்ட மாவு அடியில் ஒரு மூச்சு தங்கி மெல்ல மேலே வரும் பதத்தில், தீயைத் தணித்துக் கிளறிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் முழுக்கக் கிளம்பும். சலசலப்பு ஓய்ந்ததும் எடுக்க வேண்டும். ஆறிய பிறகு டின்னில் அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்புக் குறையாது.

அதற்குப் பிறகு இனிப்பா காரமா என்பது வீட்டு அரசியல். சீனிப்பாகை ஒற்றைக் கம்பிப் பதத்துக்குச் சற்று மேலே காய்ச்சி, இறக்கி, ஓரங்களைப் போட்டு விடாமல் புரட்டினால் பாகு உறைந்து வெள்ளைத் தூளாகப் பூக்கும். ஏலக்காய் போதும், வனிலா வேண்டாம். கரும்புத் தோட்டத்து வாரிசுகள் இனிப்பில் தாராளம் காட்டுவதைக் குறை சொல்ல முடியாது. என் ஓட்டு என்னவோ காரத்துக்குத்தான். மிளகாய்த்தூள், உப்பு, கிள்ளுப் பெருங்காயம், எண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலை. சூடு இருக்கும்போதே தூவ வேண்டும், ஆறினால் ஒட்டாது. மலாய்ப் பக்கத்து வீட்டார் மாவைச் சீப்பின் பற்களில் அழுத்திச் சுருட்டி நத்தை ஓடு போலச் செய்யும் கூவே சிப்புட்டுக்குக் காய்ந்த இறாலும் வற்றல் மிளகாயும் அரைத்து வதக்கிப் புரட்டுவார்கள். அந்தக் கலவையை ஓரத்துக்கும் போடலாம். கோவாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் குல்குல் அதே சீப்பு வேலையின் இனிப்பு முகம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளின் கலகலாவும் அந்தக் குடும்பம்தான்.

தீபாவளிக்கு முறுக்கு, நெய்யுருண்டையோடு இங்குள்ள தமிழ் வீடுகளில் அன்னாசி டார்ட்டும் வந்து உட்கார்ந்து வெகுகாலமாகிறது. அதன் மாவு வேறு சாதி. வெண்ணெய் மிகுதி, முட்டை மஞ்சள் கரு, தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இழை கட்டாது. மிச்சத்தைத் திரட்டித் திரும்ப அச்சுப் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். இந்த மாவுக்கு எதிரி பிசைவதல்ல, உள்ளங்கைச் சூடு. அச்சில் வெட்டிய பிறகு நிற்கும் நட்சத்திர இடுக்குகளைத் தொடாமல் தட்டோடு குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, 150 பாகையில் சுட்டால் போதும். மேலே சில கல்லுப்பு மணிகள் தூவிப் பாருங்கள். ஜாமும் மாவும் ஒன்றாக முடிந்த வீட்டை நான் பார்த்ததில்லை. ஜாம் தீர்ந்தால் மாவு நிற்கும், மாவு தீர்ந்தால் ஜாம் நிற்கும். ஜாம் நின்றுவிட்டால் மறுநாள் பசியாற ரொட்டிக்கு ஆகும்.

இந்த மிச்சக் கலை நமக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் கியூபெக்கில் பை மிச்சத்தை விரித்து, வெண்ணெயும் பழுப்புச் சீனியும் பூசிச் சுருட்டி வில்லை போட்டுச் சுடுவார்கள். அதற்குக் கன்னியாஸ்திரீகளைக் கிண்டல் செய்யும் பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள், இங்கே எழுதக் கூசுகிறது. குலா மலாக்கா வெல்லத்தைச் சீவிப் போட்டு இதைச் செய்தால் பாகு ஒழுகித் தட்டில் பிடித்துக் கருகும் விளிம்பு அருமையாக இருக்கும். நடுப்பகுதி எனக்குத் திகட்டுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் மிச்ச மாவைச் சிறு தட்டில் பரப்பி, பால், சீனி, கொஞ்சம் மாவு, மேலே பட்டைத்தூள் போட்டுக் குழந்தைகளுக்கென்று தனியாகச் சுட்டுக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அது ஜாம் டார்ட். குழந்தையின் கையில் ஒரு துண்டு மாவைக் கொடுத்து அடுப்படியில் சும்மா இருக்க வைப்பது எல்லா ஊரிலும் உள்ள தந்திரம் போலிருக்கிறது. அந்தக் கையில் சாம்பல் நிறமாகிவிட்ட மாவையும் பொரித்து மெச்சி உண்ண வேண்டியிருப்பது அதற்கான கூலி.

பேரங்காடிகளில் இப்போது உறைய வைத்த வட்டத் தோல் அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. வேலை நேரம் மாறி மாறி வரும் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். அந்தத் தோலிலும் போப்பியா தோலிலும் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஓரம் என்றே சொல்லிப் பொரித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மொறுமொறுப்பில் குறையில்லை. எல்லாம் ஒரே கனம், ஒரே நிறம். முதல் பிடி சாப்பிட்டதும் இரண்டாவது பிடி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.