கடைசி வரி தெரியும் காசு

சோழநாட்டில் பழங்காசு சேர்க்கத் தொடங்குபவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ராஜராஜன் செம்புக்காசுதான். சிதம்பரத்தில் அதற்குக் கூடுதல் மவுசு. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை வெளியே கொண்டுவந்தவன் என்று மரபு சொல்லும் அரசனின் காசு அல்லவா? விலையும் எட்டாத விலை இல்லை. ஆனால் அரசர் வரிசைப்படி வகைக்கு ஒன்று என்று சேர்ப்பவருக்கு ஒரே ஒரு ராஜராஜன் போதும். தொல்லை அங்கேதான் ஆரம்பம். கடைக்காரர் தட்டில் இரண்டை எடுத்து வைப்பார். ஒன்றில் நிற்கும் உருவம் தலை முதல் கால் வரை முழுசாக இருக்கும், பின்பக்கம் மழுங்கியிருக்கும். இன்னொன்றில் முன்பக்கம் சுமார், பின்பக்கத்தில் பெயர் பளிச்சென்று தெரியும். எதை எடுப்பது?

நம் பக்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர் உருவத்தைத்தான் எடுப்பார்கள் என்பது என் அனுமானம். கடலுக்கு அப்பால், இலங்கையில், இதே உருவம் பொறித்த காசைச் சேர்ப்பவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பேரம் பேசவே மாட்டார். அந்தப் பழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. அதை நாமும் பழகலாம்.

காசைச் சற்று உற்றுப் பார்ப்போம். நான்கு கிராம் அளவிலான செம்புத் துண்டு. முன்பக்கம் அரசன் நிற்கிறான். வேட்டி மடிப்புகள் இரு பக்கமும் விரிந்திருக்க, கையில் மலர். மறுபக்கம் அவனே அமர்ந்திருக்கிறான். கைக்கு அடியில் நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ, ராஜ, ராஜ. அச்சின் முகம் பெரிது, செம்புத் துண்டு சிறிது. சம்மட்டி விழும்போது துண்டு எந்தப் பக்கம் நகர்ந்திருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கத்துச் சித்திரம் காசுக்கு வெளியே போய்விடும். ஆகவே எல்லாமே முழுமையாக விழுந்த காசு அபூர்வம். இரண்டு காசுகளுக்கு நடுவே தேர்ந்தெடுப்பது என்றால், எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்று முடிவு செய்வதுதான்.

இந்த உருவம் நம்முடையதும் இல்லை. ராஜராஜனுக்கு முன்பே இலங்கையில் 'கஹவணு' என்ற பொற்காசில் இப்படி நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் உண்டு. அதில் இருந்த பெயர் 'ஸ்ரீ லங்கா விபு'. 993 வாக்கில் சோழப்படை அநுராதபுர அரசைக் குலைத்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. அந்தக் காலத்தில்தான் இந்த வடிவம் சோழர் செம்பில் ஏறியது என்பது நாணயவியலாளர் பலரின் கருத்து. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதற்கு 'சிலோன் மேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வென்ற நாட்டின் காசு வடிவத்தை வென்றவன் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது: அங்கே மக்கள் கைக்குப் பழகிய காசு அது. புழக்கத்தில் இருக்கும் முகத்தை மாற்றினால் சந்தையில் வாங்க மாட்டார்கள்.

1070இல் சோழர் பொலன்னறுவையை விட்டு வெளியேறினார்கள். உருவம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), லீலாவதி, சாகசமல்லன், தர்மாசோகன், பிறகு விஜயபாகு, புவனைகபாகு பெயர்களில் வந்த காசுகள் வரை எல்லாவற்றிலும் அதே நின்ற மனிதன், அதே அமர்ந்த மனிதன். இவற்றுக்கு அங்கே 'மஸ்ஸ' என்று பெயர். லீலாவதி மூன்று முறை அரியணை ஏறிய அரசி. அவள் காசிலும் நிற்பது அதே ஆண் உருவம்தான்! ஆளை அடையாளம் சொல்வது பெயர் ஒன்றே.

அதனால் இலங்கைச் சேகரிப்பாளருக்கு உருவத்தில் மயங்க வழியில்லை. 1924இல் வெளிவந்த கோட்ரிங்டனின் இலங்கை நாணய நூல் தொட்டு அங்கே வரிசை அரசன் பெயரால்தான் போகிறது. பெயர் வாசிக்க முடியாத மஸ்ஸ எத்தனை அழகாக இருந்தாலும் ஆல்பத்தில் அதற்கு இடம் கிடையாது. நமக்கோ நின்ற மனிதன் என்றாலே ராஜராஜன். பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுகிறோம், வாசிப்பதில்லை.

இதில்தான் ஏமாற வாய்ப்பு. பராக்கிரம பாகு, விஜய பாகு, புவனைக பாகு என மூவருக்கும் முடிவு ஒன்றே. கீழ்ப்பகுதி மட்டும் விழுந்த காசில் 'பாகு' தெரியும். மூன்று அரசர்களில் யார் என்று தெரியாது. அங்கே நடுப்பகுதி வேண்டும். ராஜராஜனுக்குக் கணக்கு வேறு. மேலே 'ஸ்ரீ' தெரிந்து பயனில்லை, அது எல்லார்க்கும் பொது. அடுத்து 'ராஜ' தெரிந்தால் போதும் என்று நினைப்போம். போதாது. லீலாவதி காசின் பெயரும் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்றுதான் தொடங்குகிறது. எழுத்தை மட்டும் நம்பினால் தொடக்கம் மட்டும் தெரியும் காசு அரசனுடையதா அரசியுடையதா என்று சொல்ல முடியாது; இருவருக்கும் நடுவில் இருநூறு ஆண்டு இடைவெளி. சந்தேகத்தைத் தீர்ப்பது இரண்டாவது 'ராஜ'. அந்தக் கடைசி வரி தெரியும் காசைத்தான் எடுக்க வேண்டும். முன்பக்கத்தில் உருவத்தின் பாதியாவது இருந்தால் போதும். மீதியை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

பேரத்தில் இது நமக்கு ஆதாயம். உருவம் முழுசாக உள்ள காசுக்கே விலை கூட்டிச் சொல்வார்கள், பெயர் தெரியும் காசு அதே தட்டில் குறைந்த விலைக்குக் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: எழுத்து மட்டும் கூர்மையாக, சுற்றியுள்ள பரப்பு தேய்ந்து இருந்தால் யாரோ ஊசியால் கீறித் தெளிவாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். லென்ஸில் கீறலின் அடியில் புதுச்செம்பு மின்னும்.

துலக்கும் விஷயத்தில் இரு கரையும் ஒரே தப்பைச் செய்கின்றன. இங்கே பூஜைச் செம்பை விளக்குகிற புளியைப் போட்டுக் காசையும் விளக்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. இரண்டும் காசை ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்து, ஆயிரம் வருஷக் களிம்பைக் கரைத்து, அதோடு எழுத்தின் விளிம்பையும் கரைத்துவிடும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம். தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடிதான் நோய். உப்பு மண்ணில் கிடந்த செம்பில், ஈரம் பட்டால் திரும்பத் திரும்பக் கிளம்பும். கடலூர்க் கடற்காற்றில் இந்தக் கவலை அதிகம். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பை அரிக்கும். இரண்டு காசில் ஒன்றில் இந்தப் பொடி இருந்தால் எழுத்து, உருவம் எதையும் பார்க்காமல் மற்றதை எடுங்கள்.

ராஜராஜனுக்குப் பக்கத்தில் ஈழத்துக் காசு ஒன்றும் வேண்டுமென்றால் நான் மஸ்ஸவைவிடச் சேது காசைச் சொல்வேன். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையது. ஒரு பக்கம் நின்ற மனிதன் கோடும் புள்ளியுமாகத் தேய்ந்திருப்பான். மறுபக்கம் படுத்த நந்தி, கீழே தமிழில் 'சேது'. தஞ்சைப் பேரரசன் தன் பெயரை நாகரியில் பொறித்திருக்க, தமிழ் எழுத்தைக் காண யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தக் காசு ராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையதா, யாழ்ப்பாண மன்னர்களுடையதா என்று முன்பு வழக்கு இருந்தது. சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்துக்கே என்று வாதிட்டார்; பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'இலங்கைத் தமிழரின் பண்டைய கால நாணயங்கள்' நூலும் அந்த வழியில்தான் செல்கிறது. இதில் அரசன் பெயரே கிடையாது, வம்சத்தின் முத்திரைச் சொல் மட்டும். அதனால் தேர்வு சுலபம்: இரண்டு எழுத்தும் தெரிய வேண்டும், நந்தியின் திமில் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் அங்கே போய் வாங்கி வந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கண்டியரசு முடிந்த 1815 மார்ச் 2ஐக் கோடாகப் போட்டது. அதற்கு முந்தைய காசு தொல்பொருள், உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது: நூறு வயது ஆனதெல்லாம் தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. இதுபோக 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் என்ற தொகை அன்று பெரிது, இன்று ஒரு தேநீர்.

ஆகவே சிதம்பரத்துக்காரர் தன் ஆல்பத்தின் ஈழத்துப் பக்கத்தை ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருக்கும் காசுகளால்தான் நிரப்ப முடியும். அதற்குச் சேது காசு தோதானது. ராமநாதபுரக் கரையிலும் அது கிடைத்திருக்கிறது. வாங்கும்போது எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.