திருமூலர் கண்ட உடம்பு

உடம்பைப் பற்றிய திருமந்திரப் பாடல்களுக்கு வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே உரை கூறப்படுகிறது. 'நோயின்றி வாழ உடலைப் பேணுக' என்பதே அது. இவ்வுரை பிழையன்று, எனினும் குறையுடையது. திருமூலர் வற்புறுத்துவது உடலைப் பேணுதல் மட்டுமன்று, உடலை அறிதலுமாகும்.

பத்தாம் திருமுறையாகிய இந்நூல் ஒன்பது தந்திரங்களை உடையது. முதல் தந்திரம் யாக்கை நிலையாமையைப் பேசுகிறது. மழைநீர் பட்டதும் மீண்டும் மண்ணாகிவிடும் பாண்டத்தை உடம்புக்கு உவமையாக்குகிறது. மூன்றாம் தந்திரத்திலோ, உடம்பை இழிவென்று எண்ணியிருந்தவர் அதனுள்ளே இறைவன் உறைவதைக் கண்டு அதனைப் போற்றத் தொடங்குகிறார். இவை முரண் அல்லவா என்று மாணவர் வினவக்கூடும். முரண் இல்லை. அழியும் பொருள் என்பதனாலேயே, அது உள்ளபோதே அதனைக் கொண்டு அறியவேண்டியதை அறிந்துகொள்ளும் விரைவு பிறக்கிறது.

அந்த மனமாற்றத்திற்கு வழி யாது? அதற்கு முன்னுள்ள அட்டாங்க யோகப் பகுதிகளே விடை தருகின்றன. ஆசனத்தால் உறுப்புகள் அடங்குகின்றன. பிராணாயாமத்தில் மூச்சை உள்ளிழுக்க 16, நிறுத்த 64, வெளிவிட 32 மாத்திரை என அளவு கூறப்படுகிறது. பின்னர்ப் புலன்கள் உள்முகமாகின்றன. அதன்பின்னரே தாரணையும் தியானமும். இந்த அளவைப் பிறர் எண்ணித் தர இயலாது. தன்னுள் நோக்குபவனே எண்ணவேண்டும். எனவே, இப்பாடல்கள் சொற்பொருளோடு முடிவன அல்ல.

உடல்வழி அறிவு தோட்டத்தார்க்குப் புதிதன்று. அலோர் காஜா வட்டாரத்தில் விடியுமுன் விளக்கொளியில் பால்மரம் சீவியவர் கையை எண்ணிப் பார்க்கலாம். கத்தி உட்பட்டையின் பால்குழாய்களை அடையவேண்டும். ஆயினும் அதற்கு அடுத்துள்ள வளர்படலத்தைத் தீண்டலாகாது. தீண்டினால் மரம் புண்படும். புதுப்பட்டை சீராக வளராது. இடையே விடப்படுவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்ப் பட்டையே. அந்த நுண்மையைக் கணிப்பது மணிக்கட்டு. ஆனால் அக்கவனம் மரத்தின்மேல் செல்வது. திருமூலர் கேட்பது அதே கவனத்தைத் தன்மேல் திருப்புமாறு.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் அறிவித்தபடி, 2015 முதல் சூன் 21 உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. இது வரவேற்கத்தக்கது. எனினும், காண்பவர் மெச்சுமாறு வரிசை பிசகாமல் கைகால் வளைப்பது மட்டுமே யோகமாகிவிட்டால், உள்நோக்கவேண்டிய கண் மீண்டும் வெளியே திரும்பிவிடும். 'உடலைப் பேணுக' என்று நின்றுவிடும் உரையும் இத்தகைய காட்சியும் ஒரே குறையின் இரு வடிவங்கள்.

நூலைக் கற்பிப்போர் மற்றோர் எல்லையையும் உணரவேண்டும். நெடுநாள் வாழ்வு பற்றி அது கூறுவனவற்றை மருத்துவ உறுதிமொழியாகக் கொள்ளுதல் தகாது. 64 மாத்திரை மூச்சடக்கல் சிறுவர்க்குரிய பயிற்சியுமன்று. பாடலை விளக்குமுன் மாணவர் நிமிர்ந்தமர்ந்து, இயல்பாக வந்து போகும் மூச்சை ஒரு நிமிடம் கவனித்தால் போதும். அதன்பின் கூறப்படும் உரை செவியோடு நில்லாது.