கணினி ஆசானும் மாணவர் வேற்றுமையும்

மாணவர்க்கு மாணவர் வேறுபடுவர் என்பதை இணையவழிக் கல்வி அமைப்புகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால், எந்த வேற்றுமையை? சில அமைப்புகள் தொடக்கத்திலேயே, "கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா?" என வினவி, விடைக்கேற்பப் படமோ ஒலியோ அளிக்கின்றன. அமெரிக்க உளவியலார் நால்வர் 2008இல் இக்கொள்கையை ஆராய்ந்து, அதற்குத் தக்க சான்று இல்லை என்றனர். வினாப்பட்டியலோ இன்னும் ஒழிந்தபாடில்லை, விலைபோகும் சரக்கன்றோ!

கருத வேண்டிய வேற்றுமை மாணவன் செய்யும் பிழையில் இருக்கிறது. 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒருவன் 35 என்கிறான். மற்றொருவன் 24 என்கிறான். முன்னவன் கடன் வாங்கும் முறையை அறியான். எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்தே சிறியதைக் கழிப்பவன். பின்னவனோ முறையறிந்தும் எண்ணுகையில் ஒன்று தவறியவன். இருவர்க்கும் ஒரே சிவப்புக்குறியிட்டு, அதே போன்ற பத்துக் கணக்குகளை நீட்டுவது ஆளுக்கேற்ற கல்வி ஆகுமா? முன்னவன் அப்பத்தையும் பிழையாகவே செய்து, பிழையில் தேர்ச்சி பெறுவான்.

இத்தகைய கழித்தற் பிழைகளின் மூலத்தைக் காணும் கணினி நிரலைப் பிரவுன், பர்ட்டன் என்னும் இருவர் 1978இலேயே விளக்கினர். பயிற்சி ஆசிரியர்களும் அதைக்கொண்டு பழகினர். இன்றோ, மாணவன் பெயரைச் சொல்லிப் பாராட்டும் திரை, அந்த 35 எப்படி வந்ததென்று கேட்பதில்லை.