எஞ்சிய ஏழு விடைகள்

1953ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த, இரண்டு பக்கங்களே கொண்ட ஆய்வுரையொன்று துயில்பற்றிய உடற்றொழிலியலின் போக்கை மாற்றியது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மாணவராக ஆய்வு நிகழ்த்திய யூஜின் அசரின்ஸ்கியும் அவர்தம் பேராசிரியர் நதானியல் கிளைட்மனும் அதனை எழுதினர். துயில்வோரின் விழிகள் இடையிடையே விரைந்து அசைகின்றன என்பதும், அவ்வேளைகளில் மூச்சும் இதயத்துடிப்பும் விரைவுறுகின்றன என்பதும் அதன் முடிபுகள்.

இவ்வுரையின் சிறப்பு அதன் அடக்கமாகும். விழியசைவின்போது எழுப்பி வினவிய 27 தடவைகளில் 20 தடவை விரிவான கனவுகள் கூறப்பட்டன. எஞ்சிய 7 தடவைகளில் அவ்வாறு கூறப்படாமையையும் ஆசிரியர்கள் மறையாது பதிந்தனர். குறையும் உண்டு. இவையனைத்தும் மூளை மேற்பட்டையின் குறித்தவொரு செயல்நிலையின் வெளிப்பாடுகளாகலாம் என அது ஊகித்தது. ஊகமாகச் சொல்லப்பட்டதைப் பின்வந்தோர் பலர் முடிபாகக் கொண்டனர்; இருபதைப் போற்றி ஏழினை மறந்தனர்; விழியசைவுத் துயிலே கனவெனப் பேசலாயினர்.

நரம்புத் தொகுதி அவ்வளவு எளிதில் விடை தருவதன்று. 1959ஐ அடுத்த ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வாளர் மிசேல் ஜூவே, இத்துயிலைத் தோற்றுவிக்கும் பகுதி மூளைத்தண்டில் உள்ளதெனப் பூனைகளிற் காட்டினார். 2000ஆம் ஆண்டு மார்க் சொல்ம்ஸ், முன்மூளைச் சேதத்தாற் கனவிழந்த நோயாளரிடத்தும் இத்துயில் நிலைத்திருத்தலைச் சுட்டி, இரண்டின் பொறிமுறைகளும் வேறென வாதிட்டார்.

ஆய்வுகூடத்திற் புகும் மாணவர், தம் கருத்துக்கு இணங்காத விடைகளையும் எண்ணி எழுதும் நேர்மையை இவ்விரு பக்கங்களிற் கற்கலாம். கற்பிப்போரும் அந்த ஏழினைச் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.