ஆல்ட்மன் மீது ஒரு பழி

ரேமண்ட் கார்வரை ஊன்றிப் படித்த வாசகர் யாரிடமாவது 'ஷார்ட் கட்ஸ்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முகம் சுளிப்பார். சிக்கனத்துக்குப் பேர்போன ஓர் எழுத்தாளரின் கதைகளை ராபர்ட் ஆல்ட்மன் சந்தைக்கடை ஆக்கிவிட்டார் என்பார். 1993இல் வந்த படம். கார்வரின் ஒன்பது சிறுகதைகளையும் 'லெமனேட்' என்ற ஒரு கவிதையையும் பிரித்துப்போட்டு ஒன்றோடொன்று பின்னியிருக்கிறார்கள் ஆல்ட்மனும் உடன் திரைக்கதை எழுதிய ஃப்ராங்க் பார்ஹைட்டும். முக்கியப் பாத்திரங்களே 22 பேர். ஓடும் நேரம் மூன்று மணி எட்டு நிமிடம். மூலக்கதைகளில் சில, ஒரு தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடக்கூடியவை.

அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் இதற்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது, கீஸ்லோவ்ஸ்கியின் 'ப்ளூ'வோடு பங்கிட்டு. நடிகர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சிறப்புப் பரிசும் கொடுத்தார்கள். ஆஸ்கரில் இயக்குநருக்கு ஒரு பரிந்துரை கிடைத்ததோடு சரி. அது 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' ஆண்டு. பிறகு படம் மெல்ல ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஆல்ட்மன் என்றால் 'மாஷ்', 'நாஷ்வில்', 'தி ப்ளேயர்' என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பல குடும்பங்களின் கதை குறுக்கும் நெடுக்கும் ஓடும் படம் என்றால் 'மேக்னோலியா' என்பார்கள், இல்லாவிட்டால் 'க்ராஷ்' என்பார்கள். இரண்டும் இது போட்ட பாதையில் பின்னால் வந்தவை. இதைவிடப் பலபடி சத்தமானவையும்கூட.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்வர் வாக்கியங்களை வெட்டி வெட்டி ஒரு மௌனத்தை உண்டாக்கினார். ஆல்ட்மன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெட்டி அதே மௌனத்தை உண்டாக்கினார். கூட்டமும் கூச்சலும் மேலே மிதப்பவை. அடியில் இருப்பது கார்வர்தான்.

கதைகள் இடம்பெயர்ந்தது பற்றி ஒரு புகார் உண்டு. கார்வர் ஓரிகனில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகனாக வளர்ந்தவர். வேலைக்கும் குடிக்கும் கடனுக்கும் நடுவே திணறும் சிற்றூர் மனிதர்கள்தான் அவர் கதைகளில் வருபவர்கள். ஆல்ட்மன் அவர்களை லாஸ் ஏஞ்சலிஸ் புறநகருக்குக் குடியேற்றி, இடையில் ஒரு மருத்துவரையும் ஒரு தொலைக்காட்சிக்காரரையும் சேர்த்துவிட்டார். உண்மைதான். ஆனால் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். இரவு வானத்தில் ஹெலிகாப்டர்கள் வரிசையாக வந்து, பழ ஈயை ஒழிக்க நகரம் முழுக்க மாலத்தியான் பூச்சிமருந்தைத் தெளிக்கின்றன. அந்த நகரில் நிஜமாகவே நடந்த சங்கதி அது. மேட்டுக்குடியின் நீச்சல்குளத்தின் மீதும், லிமோசின் ஓட்டுநர் குடியிருக்கும் ட்ரெய்லர் வீட்டின் மீதும் விழுவது ஒரே விஷம். அதைத் தெளிக்கும் விமானிகளில் ஒருவனும் கதைக்குள் இருக்கிறான். ஊர் மாறினாலும் கார்வரின் மனிதர்கள் சுவாசிக்கும் காற்று மாறவில்லை. கார்வர் 1988இல் தன் ஐம்பதாவது வயதில் காலமாகியிருந்தார். அவருடைய மனைவியும் கவிஞருமான டெஸ் கேலகர் இந்த மாற்றங்களுக்கெல்லாம் சம்மதித்து, உடனிருந்து ஆதரவு கொடுத்தார். அவருக்கு இல்லாத வருத்தம் நமக்கு எதற்கு?

இனி டொரீனிடம் வருகிறேன். என் வழக்கு முழுவதும் அவள்மேல்தான் நிற்கிறது. லில்லி டாம்லின் நடித்த பாத்திரம், உணவகத்தில் பரிமாறும் பெண். ஒரு காலைப்பொழுதில் அவளுடைய கார், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுவன்மீது மோதிவிடுகிறது. பையன் எழுந்து நிற்கிறான். அவள் பதறியடித்து ஓடிவந்து, வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சுகிறாள். முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் ஏறக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அவன். மறுத்துவிட்டுத் தானாகவே நடந்து வீட்டுக்குப் போகிறான். படுக்கிறான். பிறகு எழவே இல்லை.

கார்வரின் 'எ ஸ்மால், குட் திங்' கதையில் காரை ஓட்டுபவன் ஓர் ஆண். கொஞ்சதூரம் போய் நிறுத்தித் திரும்பிப் பார்ப்பான். பையன் தள்ளாடி எழுந்து நின்றதும் கிளம்பிப் போய்விடுவான். இரண்டு மூன்று வாக்கியத்தோடு கதையைவிட்டே போய்விடுவான். ஆல்ட்மன் அந்த முகமற்றவனுக்கு ஒரு முகம் கொடுத்தார், நல்ல மனதும் கொடுத்தார், குடிகாரக் கணவன் ஒருவனையும் கொடுத்தார். கணவனாக வருபவர் பாடகர் டாம் வெயிட்ஸ். டொரீன் வீட்டுக்கு வந்து கணவனிடம், ஒரு பிள்ளையைக் கொல்ல இருந்தேன், மயிரிழையில் தப்பியது என்று நடுங்கியபடி சொல்கிறாள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் இருவருக்கும் இடையே இருந்த கசப்புகூடக் கொஞ்சம் கரைகிறது. அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறான். படம் முடியும்வரை டொரீனுக்கு அது தெரியாது. யாரும் வந்து சொல்வதில்லை. செய்தியில் பார்த்து அவள் உறைந்துபோகும் காட்சியும் இல்லை. வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் கடைசி அரைமணி நேரத்தில் அவளை அந்தத் தாயின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி அழவைத்திருப்பார்.

இப்படிப் பல கதை பின்னும் படங்களில் முடிச்சுகள் போடுவது, கடைசியில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியவைத்து, நாம் அனைவரும் ஒரே சங்கிலி என்று கண்ணீர்விட வைப்பதற்காக. இங்கே முடிச்சுகள் நம் கண்ணுக்கு மட்டும். தாங்கள் யாரோடு பிணைந்திருக்கிறோம் என்று அந்த 22 பேரில் அநேகமாக ஒருவருக்கும் தெரிவதில்லை. கார்வரின் கதை முடியும் இடத்தில் நமக்குத் தொண்டையில் ஏதோ சிக்கும்; பாத்திரமோ ஒன்றுமறியாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அதைத்தான் ஆல்ட்மன் மூன்று மணி நேரத்துக்கு நீட்டியிருக்கிறார்.

கதைகளை அருகருகே வைத்ததில் கிடைத்த லாபம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'தே ஆர் நாட் யுவர் ஹஸ்பண்ட்' கதையில், உணவகத்துக்கு வந்த ஆண்கள் தன் மனைவியின் உடம்பைப் பற்றி அடிக்கும் கமென்ட்டைக் கணவன் கேட்டுவிடுவான். 'சோ மச் வாட்டர் சோ க்ளோஸ் டு ஹோம்' வேறொரு கதை. மீன்பிடிக்கப் போன நான்கு நண்பர்கள் ஆற்றில் ஓர் இளம்பெண்ணின் பிணத்தைப் பார்த்தும், வந்த வேலையை விடாமல் மீன்பிடித்துவிட்டுத் திரும்புவார்கள். தமிழிலும் பலர் படித்த கதை அது. ஆல்ட்மன் நால்வரை மூவராக்கினார். ஆற்றுக்குப் போகும் வழியில் அவர்களை டொரீனின் உணவகத்தில் உட்காரவைத்தார். வெண்ணெய் வேண்டும், இன்னும் கொஞ்சம் வெண்ணெய் என்று அவளைத் திரும்பத் திரும்பக் குனியவைத்து, ஏறும் பாவாடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் மூவரும். அடுத்து அவர்களைப் பார்க்கும்போது, ஆற்றில் ஆடையில்லாமல் ஒரு பெண்ணுடல் மிதக்கிறது. அவர்கள் அதையும் பார்க்கிறார்கள். முதல் பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் என்ன உறவு என்று யாரும் வசனம் பேசவில்லை. இரண்டு கதைகளையும் தனித்தனியாக எத்தனை முறை படித்தாலும் கிடைக்காத ஒரு பொருள் இது. படத்தொகுப்பாளர் ஜெரால்டின் பெரோனிக்கும் இதில் பங்குண்டு.

அந்த மூவரில் ஒருவன் பிணத்தைப் படம் பிடித்திருக்கிறான். ஊரின் இன்னொரு மூலையில், திரைப்பட ஒப்பனை கற்கும் ஓர் இளைஞன் தன் மனைவியை அடிபட்டுக் கிடப்பவள்போல் அலங்கரித்துப் படம் எடுத்திருக்கிறான். ஃபோட்டோ கடையில் இரண்டு உறைகளும் கைமாறிவிடுகின்றன. ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து மிரண்டு, உறைகளை மாற்றிக்கொண்டு, எதிராளியின் கார் எண்ணை மனப்பாடம் செய்தபடி நழுவுகிறார்கள். இது கார்வரில் இல்லை. வாய்விட்டுச் சிரிக்கலாம், சிரித்த பிறகு கொஞ்சம் குளிரும்.

ஜெரியின் கதையில் ஆல்ட்மன் கார்வரையே விஞ்சிவிட்டார் என்பது என் எண்ணம். 'டெல் த விமன் வி ஆர் கோயிங்' கதையில் ஜெரி திடீரென்று கல்லை எடுப்பான். படிப்பவருக்கு அதிர்ச்சி மட்டும் மிஞ்சும். படத்தில் கிறிஸ் பென் நடித்த ஜெரி நீச்சல்குளங்களைச் சுத்தம் செய்பவன். மனைவி லோயிஸ், குழந்தைக்கு டயபர் மாற்றிக்கொண்டே தொலைபேசியில் முகம் தெரியாத ஆண்களிடம் ஆபாசமாகப் பேசிச் சம்பாதிக்கிறாள். ஜெனிஃபர் ஜேசன் லீயின் குரலில் கொஞ்சல். முகத்தில் மளிகைக் கணக்குப் பார்ப்பவளின் சலிப்பு. கதவோரம் நின்று கேட்கிறான் கணவன். பென்னின் பருத்த உடல் ஒவ்வொரு காட்சியிலும் இன்னும் கொஞ்சம் இறுகுகிறது. கடைசியில் மலைப்பாதையில் அவன் ஒரு பெண்ணைக் கல்லால் அடிக்கும் அதே கணத்தில் பூமி அதிர்கிறது. நிலநடுக்கத்தில் பாறை விழுந்து ஒரு சாவு என்று தொலைக்காட்சி சொல்கிறது. கொலை இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. முடிவில் வரும் நிலநடுக்கம் செயற்கை என்றார்கள் சில விமர்சகர்கள். படம் வெளியாகிச் சில மாதங்களிலேயே, 1994 ஜனவரி 17 அன்று, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அந்த நகரை உலுக்கியது.

தன் பாத்திரங்களை ஆல்ட்மன் மேலிருந்து பார்த்து எள்ளுகிறார் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. இதை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். டிம் ராபின்ஸின் போலீஸ்காரன் ஒரு கார்ட்டூன். பெண்களின் நிர்வாணம் சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கிறது. மனைவியின் வீட்டுச் சாமான்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துத் தள்ளும் கணவனும், அந்தச் சிதைவின் நடுவே உட்கார்ந்து தரைவிரிப்பைச் சிரத்தையாகச் சுத்தம் செய்து காட்டும் வேக்குவம் கிளீனர் விற்பனையாளனும் கேலிச்சித்திரங்கள்தான் (எனக்கு ரொம்பப் பிடித்தவை, அது வேறு). ஆனால் ஜாக் லெம்மனைப் பாருங்கள். டொரீனின் கார் மோதிய அந்தப் பேரன் சாகக் கிடக்கும் நேரத்தில், பல வருடமாக அண்டாத மகனைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவர். வந்த இடத்தில், மனைவியின் தங்கையோடு தனக்கிருந்த பழைய தொடர்பை மகனிடம் நியாயப்படுத்தத் தொடங்குகிறார். நேரம் தெரியாமல், நிறுத்தத் தெரியாமல் பேசுகிறார். கேட்க அருவருப்பாக இருக்கிறது, எழுந்துபோகவும் முடியவில்லை. ஆல்ட்மன் கேமராவை அவர்மேலேயே வைத்துக் காத்திருக்கிறார். எள்ளல் செய்பவருக்கு அந்தப் பொறுமை வராது. விமான நிலையத்தில் அப்பா மகனிடம் தன் சோரத்தைச் சொல்லும் 'சாக்ஸ்' கதையைப் படித்தவர்களுக்கு, பட்டியலில் இல்லாத அந்தக் கதையும் இங்கே கேட்கும்.

கணவன் மனைவியாக வரும் மேத்யூ மோடினும் ஜூலியன் மூரும் மோதும் காட்சியும் அந்த ரகம். விருந்தாளிகள் வருகிற நேரம். பாவாடையில் ஒயின் கொட்டிவிட்டது. அதை அலசி உலர்த்திக்கொண்டே, இடுப்புக்குக் கீழே ஆடையில்லாமல், என்றோ நடந்த துரோகத்தை அவள் ஒப்புக்கொள்கிறாள். அரைநிர்வாணம் கவர்ச்சிக்காக அல்ல என்பது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். மறைக்க இனி ஒன்றுமில்லாதவள் அவள். முழுதாக உடுத்தியிருந்தும் கூனிக்குறுகுவது கணவன்.

சறுக்கல்கள் உண்டு. ஜாஸ் பாடகியும் செல்லோ வாசிக்கும் அவள் மகளும், ஆல்ட்மனும் பார்ஹைட்டும் தாங்களே கற்பனை செய்து சேர்த்த பாத்திரங்கள். கார்வரில் இல்லை, ஒட்டவும் இல்லை. பாடகியாக வரும் ஆன்னி ராஸின் தேய்ந்த குரலுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். கார் மோதிய சிறுவனுக்குப் பிறந்தநாள் கேக் செய்த ரொட்டிக்கடைக்காரனின் முடிவில் அவசரம் தெரிகிறது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அவன் சூடான ரொட்டி கொடுத்து விடியும்வரை உட்காரவைத்திருக்கும் கதை முடிவுக்கு, லைல் லவெட்டின் அருமையான முகம் இருந்தும் படம் ஈடுகொடுக்கவில்லை. அங்கே கார்வரே ஜெயிக்கிறார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: படத்தை முதலில் பாருங்கள், ஒரே அமர்வில். முதல் முக்கால் மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும், குழம்பட்டும். பிறகு கதைகளுக்கு வாருங்கள். ஒன்பது கதைகளும் கவிதையும் சேர்ந்த தொகுப்பு படத்தின் பெயரிலேயே 1993இல் வெளிவந்திருக்கிறது, ஆல்ட்மனின் முன்னுரையோடு. கதைகளைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.