பாசத்தையும் அளக்கும் கோல்

பெண்களைப் பற்றிய மனப்பான்மையை மதிப்பெண்ணாக்கும் முயற்சி பழையது. அமெரிக்கச் சமூகவியலாளர் கிளிஃபர்ட் கர்க்பாட்ரிக் 1936-லேயே தொடங்கிவிட்டார். 1972-ல் ஜேனட் ஸ்பென்ஸும் ராபர்ட் ஹெல்ம்ரைக்கும் 55 கூற்றுகளோடு கொண்டுவந்த அளவுகோல்தான் நெடுங்காலம் கோலோச்சியது. படிப்பு, வேலை, திருமணம் எதுவானாலும் நேரடியாகக் கேட்கும் வழி அது. காலப்போக்கில், எந்தப் பதில் சொன்னால் நல்ல பெயர் என்பது படித்தவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் 1995-ல் ஜேனட் ஸ்விம் குழுவினர் சுற்றிவளைத்துக் கேட்டார்கள்: பாகுபாடு இன்னும் இருக்கிறதா, பெண்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறார்களா?

நம் பல்லடம் வட்டாரத்துக்கு, இவற்றுக்கு அடுத்து வந்த வழிதான் முக்கியம் என்பேன். 1996-ல் பீட்டர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்கும் 22 கூற்றுகளை வகுத்தார்கள். பாதி பகைமையை அளக்கும். மறுபாதி, பெண்ணைப் போற்றிக் காக்கவேண்டும் என்னும் கனிவான பாகுபாட்டை. பகைமை மிகுந்த நாடுகளில் இந்தக் கனிவும் மிகுந்திருந்ததை, 2000-ல் வெளியான 19 நாடுகளின் ஆய்வு காட்டியது.

நம் வட்டார நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் இளம்பெண்களைச் சில ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. வெளியே போகவும் போன் பேசவும் கட்டுப்பாடு. கேட்டால், "பொட்டப்புள்ளைங்கள நாமதான பாத்துக்கோணும்" என்பார்கள். பகைமைக் கூற்றுகளை மட்டும் நீட்டினால், இப்படிச் சொல்பவர் சமத்துவவாதியாகவே தேறிவிடுவார்.

தேசியக் குடும்ப நல ஆய்வுக்கு இந்த நுட்பமெல்லாம் கிடையாது. மனைவியைக் கணவன் அடிப்பது நியாயமா என்று ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்கிறது; சமையல் சரியில்லை என்பதும் அதில் ஒன்று! 2019–21 சுற்றில் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் ஒரு காரணத்தையாவது ஏற்றார்கள். மொட்டையான கேள்விதான், ஆனாலும் பதில் வருகிறது.

அளவுகோலின் தரம் பார்க்கும்போது நம்மூர்க்காரர்கள் கவனிக்கவேண்டியது, மாணவர்களிடம் இதே மனப்பான்மையை அளந்த ஹரியானா ஆய்வு. 314 அரசுப் பள்ளிகளில் நடந்த அதில், திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் மூவரும், மாணவர் ஒவ்வொருவருக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லும் பழக்கம் எவ்வளவு என்பதையும் தனியே அளந்தார்கள். இங்கே அளக்கப்போகிறவரும் அதைச் செய்யவேண்டும். கிளிக்–ஃபிஸ்க் கோலில் உள்ள, காதல் பற்றிய அமெரிக்கக் கூற்றுகளைக் குறைத்து, நைட் ஷிஃப்ட், சீர், தோட்டத்தில் மகளுக்குப் பங்கு ஆகியவற்றைக் கேட்கவேண்டும். மாமியார் திண்ணையில் இருக்கும்போது மருமகளிடம் வாங்கிய பதிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.