வைகறையும் விர்தும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் காலைப் பொழுதை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் வினா இன்று நூல் வணிகத்தின் பெரும்பொருளாகிவிட்டது. அமெரிக்கரான ஹால் எல்ராட் 2012இல் வெளியிட்ட ‘தி மிராக்கிள் மார்னிங்’, கனடாவைச் சேர்ந்த ராபின் சர்மா 2018இல் வெளியிட்ட ‘தி ஃபைவ் ஏஎம் கிளப்’ ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர்பெற்றவை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு ராஜகிரிக்கும் கூத்தாநல்லூருக்கும் அதிராம்பட்டினத்துக்கும் திரும்புவோருள் சிலர் கையிலும் இத்தகைய நூல்களைக் காண்கிறோம். கம்பெனியின் நேரத்துக்கே எழுந்து பழகியவர்கள் அவர்கள். ஊர் வந்து சேர்ந்ததும் சுபுஹுத் தொழுகைக்குப் பிந்திய பொழுது அவர்கள்முன் வெறுமையாகக் கிடக்கிறது. அவ்வெறுமையை நிரப்ப இந்நூல்கள் போதுமா என்பதே நம் ஆய்வு.

முதற்கண் அவற்றுக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். மௌனம், தன்னூக்க மொழி, குறிக்கோளை மனக்கண்ணில் காணுதல், உடற்பயிற்சி, வாசிப்பு, எழுத்து என ஆறு பழக்கங்களை எல்ராட் வகுக்கிறார். ஐந்து மணிக்கு எழுந்து, முதல் ஒரு மணி நேரத்தை உடலுக்கும் சிந்தனைக்கும் கல்விக்கும் இருபது இருபது நிமிடங்களாகப் பகிர்ந்தளிக்கச் சொல்கிறார் சர்மா. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில், உடலைப் பேணச் சொல்லும் அவர்களுடைய அறிவுரையை நாம் புறக்கணிக்க இயலாது.

எனினும், ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் விர்துகளை வகுத்துரைக்கும் பாகத்தை இவற்றின் அருகே வைத்துப் பார்க்கும்போது அடிப்படையான வேறுபாடொன்று புலனாகிறது. இமாமவர்கள் பகற்பொழுதை ஏழு விர்துகளாகப் பிரிக்கிறார்கள். வைகறை முதல் கதிரவன் எழும்வரை முதல் விர்து. தொழுகைக்குப் பின் துஆ, திக்ர், குர்ஆன் ஓதுதல், சிந்தனை என்னும் நான்கும் அதற்குரியவை. கடந்துபோன குறைகளைக் கணக்கிடுவதும், வரவிருக்கும் பகலின் கடமைகளை ஒழுங்குசெய்வதும் அச்சிந்தனையில் அடங்கும். இவ்வளவில் இரு சாராரும் நெருங்கியே நிற்கின்றனர். ஆனால் தன்னூக்க மொழியில் மனிதன் தன்னிடமே பேசுகிறான். துஆவிலோ தன்னைப் படைத்தவனிடம் கேட்கிறான்.

வேறுபாடு முழுமையாக வெளிப்படுவது இரண்டாம் விர்தில். கதிரவன் எழுந்தபின் லுஹா தொழுகையோடு, மக்களைச் சார்ந்த நற்செயல்களையும் இமாமவர்கள் அப்பொழுதுக்கு உரியதாக்குகிறார்கள். நோயாளியை நலம் விசாரித்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல், கல்விச் சபையில் அமர்தல், பிறர் தேவையை நிறைவேற்றுதல் ஆகியவை அவை. புதிய நூல்கள் வகுக்கும் காலை நேரப் பட்டியலில் அண்டை வீட்டாருக்கு இடமில்லை. அங்கே காலை முழுவதும் தனக்கே உரியது.

‘விர்து’ என்னும் சொல்லை ஆராய்ந்தால் இது மேலும் விளங்கும். நீருக்கு வந்துசேர்தல், நீர் அருந்தும் முறை என்பன அதன் மூலப்பொருள்கள். இதைத் தஞ்சைத் தரணியில் வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஆறுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறை வந்தவர் தம் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டு அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். மேல்மடைக்காரர் தேக்கிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். மத்யன் நீர்நிலைக்கு மூஸா (அலை) அவர்கள் வந்ததைக் கூறும் இறைவசனத்திலும் (28:23) இதே வேர்ச்சொல் வருகிறது. களைத்து வந்த அந்நபி, ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, அதன் பின்னரே நிழலுக்குச் சென்று தம் தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள்.

இமாமவர்களின் மற்றொரு சிறப்பு, எல்லோருக்கும் ஒரே அட்டவணையைத் திணிக்காமை. வணக்கசாலி, அறிஞர், மாணவர், தொழிலாளி, ஆட்சிப் பொறுப்பாளர் என ஆட்களுக்கேற்ப விர்து வேறுபடும் என்கிறார்கள். குடும்பத்தைக் காக்க உழைப்பவர், உழைக்கும் நேரத்தில் கடைவீதியில் இருப்பதே அவருடைய விர்து. இறைநினைவை மறவாதிருந்தால் போதும். நாற்று நடவுக்கு விடியுமுன் புறப்படும் விவசாயிக்கு ஐந்து மணி மன்றத்தின் உறுப்பினராவதைவிட இத்தீர்ப்பே பொருத்தமானது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. அப்பட்டியலில் வீட்டுப் பெண்கள் தனியொரு வகையாக இடம்பெறவில்லை. நம்மில் ஒருவர் சுபுஹு முடித்துத் தஸ்பீஹுடன் அமைதியாக அமர்ந்திருக்கும் வேளையில், அதே வயதுடைய அவர் மனைவி அடுப்படியில் நிற்கிறார். தொழிலாளிக்குரிய சட்டத்தைக் கியாஸ் செய்து அவருடைய உழைப்பையும் விர்து எனக் கொள்ளலாம். அதைவிட, கணவர் சிறிது நேரம் அடுப்படிப் பொறுப்பை ஏற்று, அப்பெண்மணிக்கும் ஓதுவதற்கொரு முறை விடுவது நபிவழிக்கு அணுக்கமானது. வீட்டாரின் பணிகளில் நபி (ஸல்) அவர்கள் ஈடுபட்டு வந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது.

இனி, தொடர்ச்சி பற்றி ஒரு சொல். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லல்லி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் அச்சேறியது. ஒரு பழக்கம் இயல்பாகப் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபடும் என்றும், ஒரு நாள் தவறுவதால் பெருங்கேடில்லை என்றும் அவர்கள் கண்டனர். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு உவப்பான செயல் என்பதும், இரவு விர்து தவறியவர் லுஹருக்குள் ஓதினால் இரவில் ஓதியவர் போன்றவரே என்பதும் நாம் அறிந்த ஹதீஸ்கள். தவறவிட்டவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் ஆயுளை ஐந்து பருவங்களாக்கி, ஐம்பது முதல் எழுபதுவரை நான்காம் பருவம் என்கிறார்கள். குறுவையைத் தவறவிட்ட உழவர் நிலத்தைத் தரிசாக விடுவதில்லை. தண்ணீர் வரும் காலம் பார்த்து, அதற்கேற்ற வயதுடைய நெல்லை விதைக்கிறார். வெறுமையான காலையோடு ஊர் திரும்பியவர் செய்யவேண்டியதும் அதுவே. ஒரு பக்கம் குர்ஆன், சிறிது நடை, ஒரு நோயாளியின் வாசல் என்று தொடங்கினாலே போதும். நம் முறையில் வந்த நீரைத் தேக்காமல் கடைமடைவரை விடும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.